ஃபயர்வால் சீலன்ட்: ஐந்து துண்டுத் தகடும் ஒரு கேஸ் டார்ச்சும்

பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் போட்ட ஷெட்டில், இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வால் முடிந்தது. உடல் பகுதிக்கு ரிவெட் அடித்தாகிவிட்டது. இந்த ஆனி மாதம் முழுக்க ஃபயர்வாலோடுதான் போனது.

ஃபயர்வால் என்பது எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவே நிற்கிற தகடு. என்னுடையது 0.4 மி.மீ. எவர்சில்வர். எஞ்சின் பக்கம் தீப்பிடித்தால், நாம் தரையிறங்கும் வரை அது தாங்க வேண்டும். அமெரிக்க விமான விதிகள் இதற்கு வைத்திருக்கும் அளவு சுமார் 1,093 டிகிரி செல்சியஸ் தீயில் 15 நிமிடம். தகடு தாங்கிவிடும். அதில் நாம் போடுகிற ஓட்டைகள்தான் சிக்கல். த்ராட்டில் கேபிள், பெட்ரோல் குழாய், பேட்டரி வயர் என்று ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் இடைவெளி இருக்கும். தீ இல்லாத நாளிலும் அதன் வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு வாசனை கிடையாது, பைலட்டுக்குத் தெரியாமலே மயக்கிவிடும். அதனால்தான் அந்த இடைவெளியை அடைக்கிற பசை, அதாவது சீலன்ட் விஷயத்தில் நான் அவசரப்படவில்லை.

பெரிய விமானங்களில் சிஎஸ் 1900, பிஆர் 812, டாப்கோ 2200 என்று இதற்கென்றே சீலன்ட் உண்டு. விலை அதிகம், வாங்கி வைத்திருக்கக்கூடிய காலமும் குறைவு. முதல் தடவை எனக்கு அனுப்பியவர் காலாவதியான சரக்கை அனுப்பிவிட்டார். கோடை வெயிலில் கிடங்கில் கிடந்து பாதி இறுகிப் போயிருந்தது. இரண்டாம் தடவை தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லித்தான் டாப்கோ வாங்கினேன்.

அது வருவதற்குள் கையில் கிடைத்ததையும் சேர்த்து எரித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். தகட்டில் துண்டுகள் வெட்டி, இரண்டிரண்டாக மடித்துச் சேர்த்து ரிவெட் அடித்து, மடிப்பில் பூசிக் காயவிட்டேன். டிங்கர் வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவர் கேஸ் டார்ச்சோடு வந்தார். அன்றைக்குப் பார்த்துக் காற்று அள்ளிக்கொண்டு போனது. மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டிய பிறகுதான் தீ நேராக நின்றது.

முதலில் மோட்டார் கடைச் சிவப்பு சிலிக்கான். டியூபில் ‘ஹை டெம்பரேச்சர்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. அந்த வகைக்கு முந்நூற்றுச் சொச்சம் டிகிரிதான் கணக்கு. கொஞ்ச நேரத்தில் புகைந்து வெளுத்தது. ஆறிய பிறகு அண்ணாச்சி விரலால் தொட்டார், உதிர்ந்து கொட்டியது. “இது சாம்பல்லா தம்பி” என்றார். பெட்ரோல் டேங்குக்குப் பூசி மிச்சமிருந்த பாலிசல்ஃபைடு அதைவிட மோசம். கந்தக நெடியோடு அதுவே எரிந்தது. பெட்ரோலுக்கு அருமையான பசைதான், ஆனால் இந்த இடத்துக்கு ஆகாது. அடுப்பு சிமென்ட் தீயைத் தாங்கியது, தகட்டை லேசாக வளைத்ததும் விண்டுவிட்டது. எஞ்சின் அதிர்வில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டடங்களில் தீ பரவாமல் இடைவெளி அடைக்கப் பயன்படும் த்ரீ எம் சிபி 25 என்ற பசை எனக்கு ஆச்சரியம். சூடு பட்டதும் அப்பளம் போல உப்பி இடைவெளியை அடைத்துக்கொண்டது. ஆனால் அந்தக் கரி மெத்தென்று இருக்கிறது, குத்தினால் உடைகிறது. தண்ணீரில் கரைத்துச் செய்த பசை வேறு. ஆயிலும் ஈரமும் படுகிற இடத்தில் வருடக்கணக்கில் ஒட்டி நிற்குமா என்று மனசு ஒப்பவில்லை.

டாப்கோ மேலே கருகியது, மடிப்புக்குள் ஒட்டியபடியே நின்றது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் அடியில் ஒரு சொட்டு விழுந்தது, பளபளவென்று. எவர்சில்வர் ரிவெட் தீர்ந்துபோனதால் அந்தத் துண்டில் ஒரே ஓர் அலுமினிய ரிவெட் அடித்திருந்தேன். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். பசை நிற்கிறது, பக்கத்தில் ரிவெட் இருந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நீல நாக்கு பின்பக்கம் எட்டிப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன். மறுநாளே ஃபயர்வாலில் இருந்த அலுமினிய ரிவெட்டுகள் எல்லாவற்றையும் துளைத்தெடுத்தேன். கேபிள் வரும் இடங்களில் ரப்பர் வளையத்துக்கு மேல் எவர்சில்வர் மூடியும் வைத்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். ஓட்டை இல்லாத தகடுகூடப் பின்பக்கம் செக்கச் செவேலென்று பழுத்துவிடுகிறது. காலடியில் அழகுக்காக ஃபோமும் கார்பெட்டும் ஒட்ட வைத்திருந்த திட்டத்தை அன்றே விட்டுவிட்டேன். என் டார்ச் சோதனை விதிப்படியான சோதனை அல்ல, ஆகாததைக் கழிக்க மட்டும்தான் உதவும்.

பூசும் வேலையில் பாதி துடைக்கும் வேலை. தகட்டைச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, எஞ்சின் பக்கமிருந்து பூசினேன். விரல் ரேகை பட்ட ஓர் இடத்தில் மறுநாள் தோல் மாதிரி உரிந்து வந்தது, அதை மட்டும் திரும்பப் பூசினேன்.

நேற்று ராத்திரி ஷெட்டில் விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சின் பக்கம் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, பைலட் உட்காரும் இடத்தில் குனிந்து படுத்துப் பார்த்தேன். பெட்ரோல் குழாய் இருட்டு. வயர் கட்டு இருட்டு. த்ராட்டில் கேபிளுக்குக் கீழே மட்டும் ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தது. பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.