அலமாரியிலேயே விரிந்த பாகம்

ஸ்டோரிலிருந்து ஒரு பிராக்கெட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்கள். 7075 என்ற வலுவான அலுமினியக் கலவை, டி6 நிலை, அதாவது உச்ச வலிமை வரும்படி சூடாக்கிப் பதப்படுத்தியது. எந்த எந்திரத்திலும் ஏறாத புதுப் பாகம். துளைக்குள் எஃகு புஷ் (குழாய் போன்ற உள்ளுறை) ஒன்றை இறுக்கி ஏற்றி அலமாரியில் வைத்திருந்தார்கள். சில மாதங்களில் துளை விளிம்பிலிருந்து தலைமுடி போல ஒரு விரிசல்.

கீழே போட்டிருப்பார் என்று எல்லோரும் ஸ்டோர்காரரைத்தான் பார்த்தார்கள். "நான் தொடவே இல்ல சார்" என்றார்.

விரிசலைப் பிளந்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இழுபட்டோ அடிபட்டோ அறுந்திருந்தால் பரப்பெங்கும் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். இங்கே செங்கல் முழுசாக இருக்க, சாந்து மட்டும் விட்டுப்போன சுவர் மாதிரி, உலோகத்தின் நுண்படிக மணிகள் ஓரம் ஓரமாகப் பிரிந்திருந்தன. ஸ்டோர்காரர் சொன்னது உண்மை.

இறுக்கி ஏற்றிய புஷ், துளையைச் சுற்றி இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதோடு காற்றிலுள்ள ஈரம் சேர்ந்தால் போதும். புதிதாய்த் திறந்த அலுமினியம் நீராவியின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சும் ஹைட்ரஜன் அணு அணுவாக உள்ளே நுழைந்து மணிகளின் ஓரங்களைப் பலவீனமாக்கும்.

"அனோடைசிங் பண்ணியிருக்கோமே?" என்றார் வடிவமைப்பாளர். பண்ணியிருந்தார்கள்தான். ஆனால் அனோடைசிங் உருவாக்கும் ஆக்சைடு படலம் பீங்கான் சாதி. புஷ் ஏறும்போது அடியிலுள்ள உலோகம் விரிந்து கொடுக்கும், படலம் வெடித்துவிடும். பூச்சை மட்டும் நம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை.

நான் கேட்டது டி73 என்ற வேறு பதம். டி6-க்கு 120 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் சூட்டில் வைப்பார்கள். டி73-க்கு முதல் கட்டத்துக்குப் பிறகு, 160 டிகிரிக்கு மேல் இன்னொரு நீண்ட கட்டம். மணி ஓரங்களில் உள்ள மக்னீசியம்-துத்தநாகத் துகள்கள் அதில் பருத்து, ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். விரிசல் சுலபமாக ஓடாது. விலையாக வலிமையில் 10 முதல் 15 சதவீதம் போகும். அதற்குத்தான் பெரிய வாக்குவாதம். "வெயிட் ஏறுமே" என்று முனகிக்கொண்டே வடிவமைப்பாளர் துளையின் சுவரைத் தடிப்பாக்கினார். புஷ்ஷின் இறுக்கத்தைக் குறைக்கவும், ஈரமான பிரைமர் தடவி ஏற்றவும் ஒப்புக்கொண்டார்.

பழைய பிராக்கெட்டுகள் அலமாரியில் மிச்சமிருந்தன. புஷ்களைக் கழற்றி, விரிசலுக்குள் நுழையும் சிவப்புச் சாயம் ஊறவிட்டுத் துடைத்து, அதை வெளியே உறிஞ்சும் வெள்ளை டெவலப்பர் அடித்தோம். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த மூன்றில் சிவப்புக் கோடு மெல்ல எழுந்தது. பக்கத்தில் நின்ற ஸ்டோர்காரர் ஒன்றும் சொல்லவில்லை.