படிவத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்வி

தீவிர நோயுள்ள குழந்தைகளின் குடும்பங்கள் ஐந்தை மூன்று நாள் விடுமுறைக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டு, நான்கு குடும்பங்களோடு போய்த் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. வண்டி, அறைகள், விளையாட்டுகள் யாவும் குறையின்றி அமைந்தன. எங்களைப் பாடாய்ப்படுத்தியவை காகிதங்கள்.

பயணத்துக்கு ஏற்ற நிலையில் குழந்தை இருக்கிறது என்று மருத்துவர் தரும் கடிதங்களை இரண்டு மாதம் முன்பே வாங்கிக் கோப்பில் வைத்திருந்தேன். புறப்படப் பத்து நாள் இருக்கையில், முந்தைய 14 நாட்களுக்குள் தேதியிட்ட கடிதம் மட்டுமே செல்லும் என்று காப்பீட்டுப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். கோபம் வந்தாலும் அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. கீமோதெரபி பெறும் குழந்தையின் இரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள், மருந்து ஏற்றிய பிறகு பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் மிகவும் குறைந்துவிடும் என்பதால், இரண்டு மாதப் பழைய கடிதம் இன்றைய நிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே கடிதம் கேட்கப் போகும் முன், அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை எழுத்தர் புதிய படிவங்களைத் தட்டில் போட்டுவிட்டு மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். சொன்னபடி போனபோது, அவை நான் வைத்த வரிசையிலேயே அதே தட்டில் கிடந்தன. மருத்துவர் விடுப்பில் இருப்பதை அன்றே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். படிவங்களை எடுத்துக்கொண்டு நேரே வார்டுக்குப் போய்த் தலைமைச் செவிலியரிடம் சொன்னேன். குழந்தைகளின் அண்மை இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து, பொறுப்பு மருத்துவர் மறுநாளே ஐந்திலும் கையெழுத்திட்டார்.

இன்னொன்று, தங்குமிடத்துக்கு அருகிலுள்ள மருத்துவமனையைத் தொலைபேசியில் விசாரித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். மார்பில் தோலுக்கடியில் போர்ட் என்ற, மருந்து ஏற்றுவதற்கான சிறு கருவி பொருத்திய குழந்தைக்கு அதற்கென உள்ள தனி ஊசி வேண்டும். எல்லாம் இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்ன இடத்துக்கு நேரில் போனபோதுதான் அந்த ஊசி மட்டும் இல்லை என்று தெரிந்தது. வார்டிலிருந்து இரண்டு ஊசிகளை வாங்கி எங்கள் செவிலியரிடம் கொடுத்து வைத்தோம். இரண்டாம் நாள் இரவு ஒரு சிறுவனுக்குக் காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வெள்ளை அணுக்கள் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரியே அவசர நிலை. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும். எங்களுக்கு நாற்பது நிமிடம்தான் ஆயிற்று. அவன் இப்போது வீட்டில் நலமாக இருக்கிறான்.

ஆனால் ஐந்தாவது குடும்பத்தை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. புறப்படுவதற்கு முந்தைய இரவு அந்தத் தாய் அழைத்து, மூத்த மகனின் பக்கத்தில் உட்காரும் பையனுக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது என்றும், இருவரும் கடைசியாகச் சேர்ந்திருந்து பன்னிரண்டு நாள் ஆகிறது என்றும், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சின்னம்மை தொற்றினால் வெளிப்பட 10 முதல் 21 நாட்கள் ஆகலாம்; கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பிறருக்குப் பரவத் தொடங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைகள் நிறைந்த வண்டியில் அந்த அண்ணனை ஏற்ற முடியாது என்று மருத்துவர் சொன்னதை, பை கட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்த சிறுமியின் தாயிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. படிவத்தை எழுதியவள் நான். அதில் நோயுற்ற குழந்தையின் காய்ச்சலையும் இருமலையும் கேட்டேனே தவிர, உடன்பிறந்தவர்கள் யாரோடு பழகினார்கள் என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை. மூன்று வாரம் முன்னரே கேட்டு, பிறகு வாரந்தோறும் விசாரித்திருந்தால், அந்தக் குடும்பத்துக்கு வேறு தேதி பார்த்திருக்கலாம்.

நேற்றோடு அந்த 21 நாட்கள் முடிந்தன. அண்ணனுக்கு அம்மை போடவில்லை. அடுத்த மாதப் பயணப் பட்டியலில் அவர்கள் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். புதிய கடிதத்துக்கு எந்த நாளில் வரலாம் என்று தலைமைச் செவிலியரிடம் இன்று காலையே கேட்டு வைத்துவிட்டேன்.