மாத்திரையும் கேழ்வரகுக் கஞ்சியும்

எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது தெரிந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் மாத்திரையைக் காலையும் இரவும் உணவுடன் எடுத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொன்னபோது, 'உணவுடன்' என்ற சொல்லை நான் பொருட்படுத்தவில்லை. வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, குமட்டலும் வயிற்றுப்போக்குமாக ஒரு வாரம் அவதிப்பட்ட பிறகே அதன் பொருள் விளங்கியது. இரவு எட்டு மணிக்கே சாப்பிட்டு முடித்தும் விடியற்காலையில் சர்க்கரை அளக்கும் கருவி 150 காட்டியதற்குக் காரணம், நாம் உறங்கும்போதும் கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டிருப்பதுதான் என்பதையும், அந்த மாத்திரை முதன்மையாக அதைத்தான் அடக்குகிறது என்பதையும் பின்னரே அறிந்தேன்.

அரிசியை விட்டுக் கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறினால் போதும் என்று உறவினர்கள் அனைவரும் சொன்னார்கள் (அறிவுரைக்கு நம் வீடுகளில் பஞ்சமே இல்லை). ஒரு பெரிய டம்ளர் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனியைக் குத்திப் பார்த்தால் 230. நைசாக அரைத்த மாவைக் காய்ச்சிக் குடித்தால், எந்தத் தானியமானாலும் விரைவில் செரித்துச் சர்க்கரையாகிவிடுகிறது. இப்போது என் தட்டில் பாதி கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ, கால் பங்கு சுண்டலோ மீனோ, எஞ்சிய இடத்தில் மட்டுமே சாதம்.

இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அளவு 8.9-லிருந்து 6.8-க்கு இறங்கியுள்ளது. சென்ற ஆண்டு பாதங்களில் மதமதப்பு ஏற்பட்டபோது, நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்போருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்று மருத்துவர் அதற்கும் பரிசோதனை எழுதினார், குறைந்துதான் இருந்தது.