எம்ஜிபி நாட்குறிப்பு: கதவிடுக்கில் ஐந்து மில்லிமீட்டர்

ஜனவரி 6, சனி

கார் ஒருவழியாக கராஜுக்குள் வந்து சேர்ந்தது. 1965-இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்த எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரை மடக்கும் ஸ்போர்ட்ஸ் கார். நான்கு டயரிலும் காற்று இல்லை. பிரேக் இறுகிப்போய் ஒரு பின்சக்கரம் சுற்றவே மறுத்தது. நான், தம்பி, மகள் மூன்று பேரும் முக்கித் தள்ளியதில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து உள்ளே போனது.

பானட்டைத் திறந்ததும், உள்ளே காரின் தயாரிப்பு எண் பொறித்த தகட்டைத்தான் முதலில் துடைத்தேன். ஜிஎச்என்3 என்று தொடங்குகிறது. ஜி என்றால் எம்ஜி. எச் என்றால் 1400-இலிருந்து 1999 சிசிக்குள் இருக்கும் எஞ்சின். என் என்றால் இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி. எஞ்சினில் அதன் வகையைச் சொல்லும் 18ஜிபி என்ற குறி இருக்கிறது. 1798 சிசி, கிராங்கைத் தாங்க ஐந்து மெயின் பேரிங். 1964 அக்டோபர் வரை மூன்றுதான் இருந்தது. பிறந்தபோது வைத்த எஞ்சினே இன்னும் உள்ளே இருக்கிறது போலத் தெரிகிறது. அதைப் பார்த்ததில் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை.

1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் என்பதால் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமில்லை. 1988 முதல் முழு பாடியையே பழைய அச்சில் புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமே என்று தம்பி கேட்டான். எனக்கு மனம் வரவில்லை. காப்பாற்ற முடிந்த தகரத்தைக் காப்பாற்றத்தான் இதை வாங்கினேன்.

ஜனவரி 13, சனி

இன்று ஒரு போல்ட்டையும் தொடவில்லை. அளவு மட்டும்தான் எடுத்தேன்.

இந்தக் காருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. பாடியேதான் சேஸிஸ். மேலே கூரையும் இல்லாததால் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பவை முக்கியமாக இரண்டே விஷயம்: தரையின் நடுவில் மேடாக நீளவாக்கில் ஓடும் டனல், இரண்டு கதவுக்கும் அடியில் ஓடும் பெட்டி போன்ற சில். சில் இற்றுப்போனால் கார் நடுவில் தொய்யும். தொய்ந்தால் கதவு பொருந்தும் சட்டத்தின் மேல்பக்கம் நெருங்கிக்கொண்டு வரும். அதனால் கதவிடுக்கைப் பார்த்தாலே அடியில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வலது கதவின் பின் இடுக்கு மேலே 4 மி.மீ., கீழே 5. பரவாயில்லை. இடது கதவு மேலே 2, கீழே 8. கதவைச் சாத்தும்போது மேல் மூலை தகரத்தை உரசுகிறது, பெயின்ட் தேய்ந்து பளபளவென்று ஒரு கோடு விழுந்திருக்கிறது.

காந்தத்தை ஒரு துணியில் சுற்றி இடது சில் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு ஒட்டவே இல்லை. விரலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் சுவரைத் தட்டியது போல 'மொத்' என்கிறது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் அவ்வளவும் பூசி நிரப்பிய பட்டி.

அளவுகளை எல்லாம் மகள் சுவரிலேயே பென்சிலால் எழுதி வைத்தாள். காகிதம் தொலைந்துவிடுமாம். சரி என்றுவிட்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு

முன் ஃபெண்டரைக் கழற்றினேன். போல்ட்டில் பிடித்திருப்பதால் வெட்ட வேண்டியதில்லை, ஆனால் விண்ட்ஷீல்ட் தூணுக்கு அருகே மறைந்திருக்கும் போல்ட்டுகள் அரைநாளை விழுங்கிவிட்டன. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காரின் நட்டும் போல்ட்டும் பெரும்பாலும் யுஎன்எஃப் மரை, அதாவது அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. கையில் இருக்கிறதே என்று 13 ஸ்பேனரை மாட்டினால் முதல் தடவை திரும்பும், அடுத்த தடவை தலையை மழித்துவிடும். ஏஎஃப் எனும் அங்குல அளவு ஸ்பேனர் செட் இல்லாமல் இந்தக் காரில் கை வைக்கவே கூடாது.

ஃபெண்டர் வந்ததும் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. முன்சக்கரத்துக்குப் பின்னால் சேற்றைத் தடுக்க ஒரு தகரம் இருக்கிறது. அதன் ஓரத்து ரப்பர் போனால் சேறு பின்னால் போய்த் தங்கும். அது காயாது. பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சில்லின் முனையை வருடக்கணக்காகத் தின்னும். அங்கிருந்து இரண்டு கை மண்ணை அள்ளினேன். அடியில் ஈரம் இருந்தது.

பட்டியைச் சுரண்ட, உள்ளே இருந்து காகிதம் வந்தது. முன்பு யாரோ இற்றுப்போன சில்லை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் புதுத் தகரத்தை மூடி, இடைவெளியில் காகிதத்தைத் திணித்து, மேலே பட்டி பூசியிருக்கிறார்கள். தண்ணீர் வடியும் துளைகளும் அதோடு மூடிப்போயின. வெளியே பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டியில் இப்படிச் செய்திருப்பதைப் பார்க்கக் கோபம் வருகிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

மூன்று வாரமும் வெட்டுவதற்கு முன்னேற்பாட்டிலேயே போனது.

காரை எப்படி நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி வைத்துவிட்டு சில்லை வெட்டினால், கார் எந்த வளைவில் நிற்கிறதோ அந்த வளைவிலேயே வெல்டிங் ஆகிவிடும். பிறகு கதவு எந்தக் காலத்திலும் சாத்தாது. அதனால் சக்கரத்தில் நிற்கும்போது எடை எங்கே இறங்குமோ அங்கேயே ஸ்டாண்டு கொடுத்தேன். முன்னால் சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக ஓடும் கிராஸ்மெம்பருக்கு அடியில், பின்னால் ஆக்சிலுக்கு அடியில்.

அப்புறம் இடது பக்கம் கதவுக்கு நேர் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து ஜாக்கியை மெதுவாக ஏற்றினேன். கால் சுற்று, அளவு பார், கால் சுற்று, அளவு பார். மகள் இடுக்கை அளக்கும் தகடான ஃபீலர் கேஜைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்ப்பா… ம், போதும்" என்றாள். மேலே 5, கீழே 5. கதவை மூடினேன். உரசவில்லை, இடிக்கவில்லை, க்ளிக் என்று உட்கார்ந்தது. அந்த நிலையிலேயே கதவுச் சட்டத்துக்குள் சதுரக் குழாயைக் குறுக்கும் நெடுக்குமாக வெல்டு வைத்துப் பூட்டிவிட்டேன். இனி வெட்டினாலும் நகராது.

பெட்ரோல் டேங்க்கை இறக்கி வெளியே வைத்தாயிற்று. க்ரைண்டர் தீப்பொறி எவ்வளவு தூரம் பறக்கும் என்று ஒருமுறை பார்த்தவர் இந்த வேலையைத் தள்ளிப்போட மாட்டார்.

பிப்ரவரி 24, சனி

இடது சில் முழுவதும் வெளியே வந்துவிட்டது. வெளிச்சில், உட்சில், இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக நிற்கும் தடுப்புத் தகடு, அடியில் காஸில் ரெயில். கோட்டை மதில் போல மேடும் பள்ளமுமாக வெட்டியிருப்பதால் அந்தப் பெயர். நான்கும் சேர்ந்தால்தான் அது பெட்டி. வெளிச்சில்லை மட்டும் மாற்றுவது பெட்டிக்கு வர்ணம் அடிப்பதற்குச் சமம்.

வெளிச்சில்லின் பின்முனை பின் ஃபெண்டருக்கு உள்ளே நுழைகிறது. அதைச் சரியாக உட்கார வைக்க, ஃபெண்டரின் அடிப்பகுதியை ஒரு சாண் அளவுக்கு வெட்டித்தான் ஆக வேண்டும். நல்ல தகரத்தை வெட்டக் கை கூசியது. வெட்டினேன். உள்ளே சில்லின் முனை சருகு மாதிரி உதிர்ந்தது.

மார்ச் 10, ஞாயிறு

வெல்டிங் முடிந்தது. அளவு வைத்துப் புள்ளி புள்ளியாகப் பிடித்து, கதவை மாட்டிச் சாத்திப் பார்த்து, மறுபடி கழற்றி, அப்புறம்தான் முழுதாகச் செய்தேன். ஒரே இடத்தில் நீளமாக இழுத்தால் தகரம் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். இங்கே ஒரு அங்குலம், அந்தக் கோடியில் ஒரு அங்குலம், நடுவில் ஒரு அங்குலம், கை வைக்கச் சூடு ஆறிய பிறகு அடுத்தது. தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் போட்ட இடங்களில் துளை போட்டு அதன் வழியாக நிரப்பினேன். மடிப்புகளுக்குள் துத்தநாக பிரைமர்.

குழாய்களை அறுத்து எடுத்துவிட்டு அளந்தேன். மேலே 5. கீழே 5. சுவரில் ஜனவரி அளவுக்குக் கீழே எழுதியாயிற்று. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வலது சில் இன்னும் ஓடும். இந்த வருடம் அதைத் தொடப்போவதில்லை.

மார்ச் 19, செவ்வாய்

பிரேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். எல்லா ஹோஸும் புதிது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும், அதனால் டிரம்முக்குள் காற்று அடிக்கவில்லை, ஈரத்துணியால் துடைத்துக் கட்டிப் போட்டேன்.

ஏப்ரல் 6, சனி

பெயின்ட் ஆகிவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தேய்த்தேன், தேய்த்தேன், தேய்த்தேன். சில்லுக்குள் மெழுகு பீய்ச்சியதுதான் என் கணக்கில் பெரிய வேலை. வடிதுளை வழியே மெழுகு சொட்டியதைப் பார்த்த பிறகே நிறுத்தினேன்.

இன்று வால்வு இடைவெளி. எட்டு வால்வு, 0.015 அங்குலம். இதற்கு ஒன்பது கணக்கு என்று ஒன்று உண்டு. எட்டாவது வால்வு முழுதாக அமுங்கி நிற்கும்போது ஒன்றாவதை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஆறு அமுங்கினால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது. மகள் எஞ்சினைச் சுற்றினாள், நான் நட்டைப் பிடித்தேன். பத்து நிமிடத்தில் அவளே எண்ணைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுழற்றினோம். ஆயில் பிரஷர் முள் அசையவில்லை, அசையவில்லை, பிறகு மெல்ல எழுந்தது. இனி பயமில்லை.

மே 4, சனி

ஒயரிங். இந்தக் காரின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் ஒயர் நிறங்கள் தெரிந்துவிட்டால் படமே தேவையில்லை. பழுப்பு எப்போதும் உயிரோடு இருக்கும், ஃபியூஸும் கிடையாது. வெள்ளை, சாவி போட்டால் வரும். பச்சை, சாவிக்கும் ஃபியூஸுக்கும் பிறகு. கறுப்பு எர்த். சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராக. 1967-க்கு முந்தைய கார் என்பதால் பாசிட்டிவ் எர்த்.

"அப்பா, ப்ளஸ்ஸைப் போய் பாடியில மாட்டறீங்க?"

"இந்த வண்டிக்கு அப்படித்தான்ம்மா."

பிரேக்கை மிதித்தால் பின் விளக்குகள் மங்கின, இண்டிகேட்டர் தானாக மினுக்கியது. ஒயரை மூன்று முறை சோதித்தும் குற்றமில்லை. கடைசியில் எர்த் திருகைக் கழற்றிப் பார்த்தால் அடியில் என் புது பெயின்ட். மின்சாரம் பாடிக்குத் திரும்ப வழியில்லாமல் மற்ற பல்புகளின் வழியே போயிருக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுரண்டி, வாசலின் தடவி, முறுக்கினேன். எல்லாம் சரியானது.

மே 11, சனி

எஞ்சின் ஓடுகிறது!

இரட்டை எஸ்யு கார்புரேட்டர். எஸ்யு என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். காலணி வணிகக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் உருவாக்கியது. தொடக்கத்தில் இப்போதைய பிஸ்டன் இருக்கும் இடத்தில் தோல் துருத்திதான் இருந்தது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்கேற்ப பிஸ்டன் தானே ஏறி இறங்கி, ஊசியைத் தூக்கிப் பெட்ரோலை விடும்.

இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டேன். முன்னால் 'உஸ்' சற்று ஓங்கியிருந்தது, குறைத்தேன். பிறகு பெட்ரோல்-காற்றுக் கலவை. பிஸ்டனைத் துளியூண்டு தூக்கிவிட வேண்டும். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் கூடுதல். திணறினால் குறைவு. லேசாக ஏறி உடனே பழையபடி இறங்கினால் சரி. பின்னால் இருந்தது திணறியது. அடியில் இருக்கும் அறுகோண நட்டை ஒரு பட்டை, அதாவது ஆறில் ஒரு சுற்று, இறக்கினேன். தூக்கினேன். லேசாக ஏறி, இறங்கியது.

மே 26, ஞாயிறு

அதிகாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன். கூரை மடக்கி, மகள் பக்கத்தில். மூன்றாம் கியரில் எக்ஸாஸ்ட் எழுப்பும் அந்தக் கரகரப்பான குரலை அவள் இப்போதுதான் முதன்முறை கேட்கிறாள். ஒன்றும் பேசவில்லை, ஸ்பீடோமீட்டரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்தாள்.

பாதி வழியில் மேடுபள்ளமான ஒரு சாலையை வேண்டுமென்றே எடுத்தேன். ஓரமாக நிறுத்தியதும் அவளே ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இடது கதவு: மேலே 5, கீழே 5.

கியர்பாக்ஸ் அடியில் ஒரு சொட்டு எண்ணெய், கவனிக்க வேண்டும். எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் நான்காவதில் பிடிக்கவில்லை, சுவிட்சுக்குப் போகும் ஒயரிலிருந்து தொடங்குவேன். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்குப் பக்கத்துக்கு மூன்று இடத்தில் கிரீஸ், புதன்கிழமை.