சீல் எண்: ஜூலை மாத நாட்குறிப்பு

7 ஜூலை 2025, திங்கள்

இரவு 11.40. சிங்கப்பூர், ஈசூன் வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், என் போனைத் தவிர. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மேலாளர் ஒரு படம் போட்டிருக்கிறார். கன்டெய்னர் கதவில் மாட்டிய சீல், யாரும் திறக்காமல் இருக்கப் போடும் எண் பதித்த பூட்டு. அதற்குக் கீழே நான் போன வாரம் அனுப்பிய பி.எல். வரைவு, கப்பலில் ஏற்றும் சரக்குக்கான ஆவணம். சீலில் 73 என்று முடிகிறது, நான் 37 என்று அடித்திருக்கிறேன். மூன்று கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். வேறு ஒரு வார்த்தை இல்லை. குழுவில் பதினான்கு பேர்.

கன்டெய்னர் எண்ணாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது. நான்கு எழுத்து, ஏழு எண். அந்த ஏழாவது எண் சோதனை எண். முன்னால் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு வைத்து, 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து மீதி பார்ப்பார்கள். ஏதாவது ஒரு இடத்தில் கை தவறினால் பெரும்பாலும் கணினியே சிவப்புக் காட்டிவிடும். சீல் எண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எதை அடித்தாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும்.

பதினோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். தூக்கம் வரவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

திருத்தக் கட்டணம் கட்டியாயிற்று. வாடிக்கையாளர் கத்தினார், மேலாளர் கத்தினார், நான் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை. கீழே கோப்பிக் கடை அங்கிள் நான் கேட்காமலே கோப்பி சியூ டாய் போட்டு நீட்டினார். சர்க்கரை குறைவாகத்தான் குடிப்பேன் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு என்னிடம் ஒழுங்காக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

10 ஜூலை, வியாழன்

மூன்று நாளாகத் தலைவலி. புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் ஒரு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தார்கள். டாக்டர், சின்ன வயசுப் பெண், மாத்திரை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, தூக்கம் எப்படி?" என்றாள். அந்தக் கேள்விக்கே கண் நிறைந்துவிட்டது எனக்கு. சீட்டின் பின்பக்கம் 1771 என்று எழுதிக் கொடுத்தாள். மன அழுத்தம் என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் பேசலாம், போன மாதம்தான் தொடங்கினார்கள் என்றாள். நான் இன்னும் கூப்பிடவில்லை. சீட்டை மட்டும் பர்சில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு எட்டு மெசேஜுக்குப் பதில் போட்டேன். கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எம்சி உனக்கா, போனுக்கா?" என்றார்.

11 ஜூலை, வெள்ளி

வேலையிடத்தில் மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்று இன்று ஒரு மணி நேரம் ஸூமில் வகுப்பு. அந்த ஒரு மணி நேர வேலையை ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். இதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டேன் என்கிறார்கள்.

வகுப்பில் பாதி நேரம் மூச்சுப் பயிற்சி, ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம். ஆனால் ஒரு ஸ்லைடு மட்டும் மனதில் நின்றது. ராபர்ட் கராசெக் என்பவர் 1979இல் சொன்னதாம். வேலைப் பளு அதிகமாக இருப்பது மட்டும் ஆளை நசுக்குவதில்லை. பளுவும் அதிகம், அந்த வேலையை எப்படிச் செய்வது என்ற முடிவும் நம் கையில் இல்லை என்றால்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறதாம். பளு அதிகமாக இருந்தும் பிடி நம் கையில் இருந்தால், அதே வேலை ஆளை வளர்க்கக்கூடச் செய்யுமாம்.

என் வேலையை நினைத்துப் பார்த்தேன். செங்கடல் பக்கம் போக முடியாமல் 2023 கடைசியிலிருந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகின்றன. வரும் தேதி எனக்குத் தெரியாது, கப்பல்காரனுக்கே தெரியாது. ஆனால் வாடிக்கையாளர் கேட்பது என்னிடம்தான். சரக்கை ஒப்படைக்க வேண்டிய கட்-ஆஃப் நேரம் மாறினால் யாரும் என்னிடம் கேட்டு மாற்றுவதில்லை. பதினோரு வருஷத்தில் நானாக முடிவு செய்தது என்ன என்று யோசித்தேன். மேசையில் இருக்கும் கள்ளிச் செடியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதுதான்.

13 ஜூலை, ஞாயிறு

மகளைக் கூட்டிக்கொண்டு மரினா சவுத் பியர் போனேன். தினமும் ஏறும் அதே சிவப்பு ரயில்தான். தஞ்சோங் பகாருக்கு மாற ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கிவிடுவேன். இன்று இறங்காமல் இன்னும் இரண்டு நிலையம் உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியபோது ஏதோ திருட்டுத்தனம் செய்வது போல இருந்தது.

கடலோரத்தில் காற்று. வரிசை வரிசையாகக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அலுவலக ஜன்னலிலிருந்தே தஞ்சோங் பகார் முனையத்தின் கிரேன்கள் தெரியும். கன்டெய்னரைத் தூக்கிக் கப்பலில் வைப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம். 2017இல் அங்கே வேலை நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மேற்கே துவாஸ் துறைமுகத்துக்குப் போகிறது. போன வருஷம் மட்டும் சிங்கப்பூர் 4 கோடிக்கும் மேற்பட்ட கன்டெய்னர்களைக் கையாண்டிருக்கிறது, இருபதடிப் பெட்டிக் கணக்கில். நான் பார்த்தது ஒன்றுகூட இல்லை. அடித்தது மட்டும்தான்.

"அம்மா, இதுல எது உங்களது?" என்றாள் மகள். ஒரு நீலக் கப்பலைக் காட்டினேன். பொய்தான். ஆனால் சொன்னதும் எனக்கே பிடித்திருந்தது.

15 ஜூலை, செவ்வாய்

மேலாளரிடம் பேசினேன். வாயால் அல்ல, எழுத்தில். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறை போன டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. எழுதிக் கேட்டால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் தொழில் சார்ந்த காரணம் சொல்ல வேண்டும். கேட்டது கிடைத்தே ஆகும் என்று அதில் இல்லை. சும்மா "பார்க்கலாம்" என்று இழுத்தடிக்க முடியாது, அவ்வளவுதான்.

நான் கேட்டது இரண்டு. காலை ஏழரைக்கு வந்து நாலரைக்குப் போவது. இரவு எட்டுக்குமேல் வரும் மெசேஜுக்கு முறை வைத்துக்கொள்வது, ஒரு நாளைக்கு ஒருவர்.

படித்துவிட்டு, "பார்க்கலாம்" என்றார்.

18 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வேலை முடிந்து வீரமாகாளியம்மன் கோயில். கூட்டம் சிராங்கூன் சாலை வரைக்கும். அர்ச்சனைச் சீட்டு வரிசையில் நின்றபோது போன் இரண்டு முறை அதிர்ந்தது. எடுக்கவில்லை. அம்மன் தயவு என்று சொல்ல மாட்டேன். ஒரு கையில் பூ, ஒரு கையில் தேங்காய்.

22 ஜூலை, செவ்வாய்

எனக்குப் பக்கத்து மேசையில் புதிதாக வந்த தம்பி, தஞ்சாவூர்ப் பக்கம். வந்து நான்கு மாதம். இன்று காலை அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவனும் ஒரு சீல் எண்ணில் 8க்குப் பதில் 3 அடித்திருக்கிறான். நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை.

"அக்கா, எத்தனை தடவ பாத்தாலும் எனக்கு அது சரியாவேதான் தெரியுது" என்றான். அவன் சொன்னது உண்மை. தான் அடித்ததைத் தானே பார்த்தால் கண் தப்பைச் சரியாக்கிக் காட்டும்.

அதனால் ஒன்று செய்தோம். நான் சீல் படத்தைப் பார்த்து வாசிப்பேன், அவன் திரையைப் பார்த்துத் திருப்பிச் சொல்வான். அதுவும் கடைசி எண்ணில் ஆரம்பித்து முதல் எண் வரை. வரிசையாகப் படித்தால் வாய் பழக்கத்தில் ஓடிவிடும், தலைகீழாகப் படித்தால் ஓடாது. "மூணு, ஏழு, சைபர், சைபர்..." "சைபர் எத்தன அக்கா?" "ரெண்டு, தம்பி." எதிரே இருந்த மலாய்க்கார அக்கா, நாங்கள் கக் என்று கூப்பிடுபவர், என்ன கூத்து என்று எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் தன் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்து, "சத்து, துவா" என்று மலாயில் ஆரம்பித்துவிட்டார். இருபத்தொன்பது சீல். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தம்பி ஒன்று, கக் ஒன்று, ஆக இரண்டு தப்பு பிடிபட்டது.

யாரும் எங்களைச் செய்யச் சொல்லவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை. மத்தியானம் சோறு நன்றாக இறங்கியது.

24 ஜூலை, வியாழன்

மேலாளர் எங்கள் பக்கம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இது எத்தனை நாளாக நடக்கிறது?" என்றார். மூன்று நாள் என்றேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் மேலேயும் ஒருவர் கேள்விக்குறி போட்டுக்கொண்டிருப்பார் என்று இன்றுதான் தோன்றியது. அதற்காக 7ஆம் தேதி ராத்திரியை மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

29 ஜூலை, செவ்வாய்

பதில் வந்தது, எழுத்தில். ஏழரை மணி முடியாது, மத்தியானத்துக்குப் பிறகுதான் ஐரோப்பாவிலிருந்து மின்னஞ்சல் வருகிறது, நாலரைக்கு மேசை காலியாக இருக்கக் கூடாது. நியாயமான காரணம், எரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறேன். இரவு முறை சரி, ஒரு மாதம் செய்து பார்க்கலாம். என் முறை திங்களும் புதனும்.

இன்று செவ்வாய். வீட்டுக்கு வந்ததும் போனைச் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு போட்டு மூடினேன். இடியாப்ப மாவு பிசைந்தேன். எட்டு இருபதுக்கு இழுப்பறைக்குள் கரண்டிகள் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டன. நின்றன. மறுபடி அடித்துக்கொண்டன.

மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல் எண்ணிக்கொண்டிருந்தாள். "அம்மா, அஞ்சு."

"எண்ணு, எண்ணு" என்றேன். அச்சில் இன்னும் மாவு மிச்சம் இருந்தது.