அம்மாவின் இன்சுலினும் இட்லி மாவுப் பாத்திரமும்

போன மே மாதம் அம்மாவின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 130-இல் இருந்து ஒரே வாரத்தில் 280-க்குப் போய்விட்டது. சாப்பாடு மாறவில்லை, ஊசியும் ஒருநாள்கூடத் தவறவில்லை. "மாம்பழம் ஏதாவது சாப்பிட்டியாம்மா" என்று நான் சண்டை போட்டதை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டப்படுகிறது.

டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன்னால் கேட்டது, "மருந்தை எங்க வைக்கிறீங்க?" வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தேன். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். ஃபிரீசருக்கு நேர் கீழ்த் தட்டில் மாவுப் பாத்திரத்தை உள்ளே தள்ளித் தள்ளி, இன்சுலின் பாட்டில் பின்சுவரோடு போய் ஒட்டியிருந்தது. எடுத்துச் சாய்த்தேன், மருந்து அசையவில்லை, அடிப்பக்கம் ஐஸ். "காலைல கட்டியாத்தான் இருக்கும், கையில உருட்டினா சரியாயிரும்" என்றார் அம்மா. முன்பு போட்ட கலங்கல் மருந்தை அப்படித்தான் உருட்டச் சொல்லியிருந்தார்கள், அதனால் அவருக்கு அதில் வித்தியாசமே தெரியவில்லை.

இன்சுலின் 51 அமினோ அமிலம் கொண்ட, ஏ, பி என்ற இரண்டு சங்கிலிகள் இணைந்து மடிந்திருக்கும் புரதம். உறைந்தால் அந்த மடிப்பு கெடலாம், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். உருகியபின் தண்ணீர் மாதிரி தெளிவாகத் தெரிந்தாலும் வீரியம் இருக்கும் என்று நம்ப முடியாது. உறைந்ததைத் தூக்கிப் போடுவதுதான் ஒரே வழி. புது பாட்டில் மாற்றியதும் சில நாளில் அளவு இறங்க ஆரம்பித்தது.

அப்புறம் இரவு ஊசிக்கு கிளார்ஜின் என்ற, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைச் சேர்த்தார்கள். இரண்டு குத்து எதற்கு, ஒரே சிரிஞ்சில் எடுத்துவிடலாமா என்று அம்மா கேட்டார். கூடவே கூடாது என்று டாக்டர் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாதாரண இன்சுலின், அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவில் ஏறக்குறைய நடுநிலையான 7-ஐ ஒட்டி இருக்கும். கிளார்ஜின் அமிலத்தில், பிஎச் 4-இல்தான் கரைந்து தெளிவாக இருக்கிறது. தோலுக்கடியில் பிஎச் 7.4-ஐத் தொட்டதும் நுண்ணிய படிவாகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஏறக்குறைய 24 மணி நேரம் வேலை செய்யும். இரண்டையும் கலந்தால் அந்தப் படிவு சிரிஞ்சிலேயே உண்டாகி, கணக்கே தப்பிவிடும். அதோடு எங்கள் சாதாரண இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், கிளார்ஜின் 100 யூனிட். சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என்று சிரிஞ்சே வேறு.

இன்னொன்று, அமிலத்தில் சாதாரண இன்சுலினின் ஏ சங்கிலியில் 21-ஆவது இடத்தில் இருக்கும் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் சீக்கிரம் சிதையுமாம், அதனால்தான் கிளார்ஜினில் அந்த இடத்தில் கிளைசின் என்ற வேறொரு அமினோ அமிலத்தை வைத்தார்களாம். கேட்டதும் ஆச்சரியமாக இருந்தது.

இப்போது திறக்காத பாட்டில்கள் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு டிபன் டப்பாவுக்குள், 2 முதல் 8 டிகிரிக்குள். திறந்த அன்றைய தேதியை பிளாஸ்டரில் எழுதி ஒட்டுகிறேன், 28 நாளில் மாற்றிவிடுகிறோம். கரண்ட் போனால் மதுரை வெயிலில் 30 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க, ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னக் கலயம், அதற்குள் உலர்ந்த பையில் பாட்டில். குலுக்குவதில்லை. மாவுப் பாத்திரம் அடித் தட்டுக்குப் போய்விட்டது, அம்மாவே நகர்த்தினார்.