கேம்ப்புக்கு வராத 93 பேர்

பாதி கம்பெனிகளோட வெப்சைட்ல விஷன்னு ஒரு பத்தி, மிஷன்னு ஒரு பத்தி இருக்கும், ரெண்டையும் இடம் மாத்திப் போட்டாலும் யாருக்கும் ஒண்ணும் தெரியாது. "இந்தத் துறையில முதலிடம் பிடிப்பது" விஷனாம், "தரமான சேவை வழங்குவது" மிஷனாம். இதைப் பாக்குறப்பல்லாம் எனக்கு உறுத்தும். ஏன்னா இந்த வித்தியாசம் நெஜமாவே பெரிய விஷயம், அதை சரியா புடிச்சுக்கிட்ட இடம் எப்படி நடந்துக்கும்னு பாக்க நாம வெளிநாட்டுக்கெல்லாம் போக வேண்டாம், மதுரை அண்ணாநகர்ல இருக்கிற அரவிந்த் கண் மருத்துவமனை போதும்.

டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கத்துல வடமலாபுரத்துல பொறந்தவர், முப்பது வயசு வாக்குல முடக்குவாதம் வந்து விரலெல்லாம் கோணிப்போச்சு, அந்த விரலை வச்சே கண் ஆபரேஷன் பழகினவர். 1976ல கவர்மெண்ட் வேலையில இருந்து 58 வயசுல ரிட்டயர் ஆனதும் தம்பி தங்கச்சிங்களையும் சேத்துக்கிட்டு 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சார். அவர் சொன்னது ஒரே வரி. தடுக்கக்கூடிய, குணப்படுத்தக்கூடிய பார்வையிழப்பு யாருக்கும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். இதுல ஆஸ்பத்திரி எங்கயும் வரல பாருங்க, "நாங்க"ங்கறதே கிடையாது. உலகம் எப்படி இருக்கணும்னு மட்டும் சொல்லுது. என்னைப் பொறுத்தவரை இதுதான் விஷன். அதுக்காக நாம இன்னிக்கு காலையில எந்திரிச்சு என்ன வேலை பாக்கப் போறோம், யாருக்குப் பாக்கப் போறோம், எப்படிங்கறது மிஷன். நல்ல வைத்தியத்தை காசு இருக்கிறவங்க இல்லாதவங்க எல்லாருக்கும் குடுக்குறது, காசு கட்டுற பேஷண்ட்டுங்ககிட்ட வர்ற பணத்துலயே இலவச ஆபரேஷனையும் நடத்துறது, இதெல்லாம் அந்தப் பக்கம் வரும். (அவங்க பேப்பர்ல எதை எந்தத் தலைப்புக்குக் கீழ போட்டிருக்காங்கங்கறது எனக்கு முக்கியமில்ல, நடந்துக்கிட்ட விதத்தைத்தான் பாக்குறேன்.)

சரி, ரெண்டையும் பிரிச்சு வச்சா என்ன லாபம்னு கேக்கலாம். அதுக்கு கேம்ப் கதையைச் சொல்லணும்.

கிராமம் கிராமமா கண் கேம்ப் போட்டு, புரை இருக்கிறவங்களை பஸ்ல ஏத்திட்டு வந்து ஆபரேஷன் பண்ணி, சாப்பாடு போட்டு தங்கவச்சு திரும்ப ஊர்லயே கொண்டுவந்து விடுறது அரவிந்தோட பெரிய பலம். ஆபரேஷனுக்கு மட்டும் காசு வேணாம்னு சொன்னா ஜனங்க வரமாட்டாங்க, பஸ் சார்ஜ் யாரு குடுக்குறது, கூலி போயிடும், கூட யாரு வருவாங்கன்னு யோசிப்பாங்கன்னு தெரிஞ்சு, பாத்துப் பாத்து உருவாக்கின ஏற்பாடு அது. வருஷா வருஷம் கேம்ப் எண்ணிக்கையும் ஆபரேஷன் எண்ணிக்கையும் ஏறிக்கிட்டே இருந்துச்சு. மிஷனை மட்டும் பாத்தா அதுவே முழு வெற்றி, ஆண்டறிக்கையில படத்தோட போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்.

ஆனா 1999ல வெளிவந்த ஒரு ஆய்வு, கேம்ப் நடக்குற கிராமங்கள்லயே கண்ணுல பிரச்சனை இருக்கிறவங்கள்ல எத்தனை பேரு கேம்ப்புக்கு வர்றாங்கன்னு கணக்குப் பாத்துச்சு. நூத்துக்கு ஏழு பேரு. ஏழே ஏழு! அந்த ஏழு பேருக்கு எவ்வளவு நல்லா வைத்தியம் பாத்தாலும் மீதி 93 பேரு வீட்லயேதான் இருக்காங்க.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது. மிஷன், வந்தவங்களை எண்ணும், விஷன் வராதவங்களை எண்ணச் சொல்லும். வெறும் கேம்ப் நடத்துறதுதான் எங்க வேலைன்னு நெனச்சிருந்தா அந்த ஏழு பேரை எட்டு பேரா ஆக்க இன்னும் நாலு கேம்ப் போட்டிருப்பாங்க. பார்வையிழப்பே இருக்கக் கூடாதுங்கறது மனசுல இருந்ததால வழியையே மாத்தினாங்க. சின்ன சின்ன ஊர்ல விஷன் சென்டர்னு (இங்க விஷன்னா கண் பார்வை) ஒரு சின்ன இடம், பயிற்சி வாங்கின ஒரு பொண்ணு கண்ணை டெஸ்ட் பண்ணும், பெரிய ஆஸ்பத்திரில இருக்கிற டாக்டர் வீடியோவுல பேசுவார், வருஷம் பூரா திறந்திருக்கும், கேம்ப் எப்ப வரும்னு காத்துக்கிடக்க வேண்டாம். வேலை செய்யுற விதம் மாறுச்சு, அந்த ஒரு வரி அப்படியே இருந்துச்சு.

லென்ஸ் விஷயமும் அப்படித்தான். முன்னாடியெல்லாம் புரை ஆபரேஷனுக்கு அப்புறம் சோடாபுட்டி கண்ணாடி போடணும். கண்ணுக்குள்ளயே வைக்கிற லென்ஸ் வந்துச்சு, ஆனா வெளிநாட்டுல இருந்து வாங்கினா நூறு டாலர் பக்கம். ஏழைங்களுக்கு எப்படி வைக்கிறது? 1992ல ஆரோலேப்னு ஒரு லென்ஸ் தொழிற்கூடம் ஆரம்பிச்சு தாங்களே செஞ்சாங்க, விலை பத்து டாலர் பக்கம் இறங்கி, அப்புறம் அதுக்கும் கீழ போச்சு. அதை தங்களுக்குன்னு வச்சுக்காம மத்த ஆஸ்பத்திரிங்களுக்கும் வெளிநாட்டுக்கும் வித்தாங்க. தங்க ஆஸ்பத்திரி எப்படி நடக்குதுங்கறதையே மத்த கண் ஆஸ்பத்திரிங்களுக்கு சொல்லிக்குடுக்க லைக்கோன்னு ஒரு இன்ஸ்டிட்யூட்டே வச்சிருக்காங்க. "நம்பர் ஒன் ஆகணும்"ங்கறது விஷனா இருந்தா இதைச் செய்ய மனசு வருமா? இன்னொரு ஆஸ்பத்திரி நல்லா நடந்தா அது போட்டியாத்தான் தெரியும்.

இன்னொரு கோணமும் இருக்கு, அது அமெரிக்காவுல. 1938ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போலியோவுக்கு எதிரா ஒரு அமைப்பு ஆரம்பிச்சார், அவரே போலியோவால கால் பாதிச்சவர்னுதான் சொல்லுவாங்க. ஜனங்க பத்து சென்ட் பத்து சென்ட்டா அனுப்பின காசு, அந்தப் பத்து சென்ட் நாணயத்துக்கு அங்க டைம்னு (dime) பேரு, அதுல இருந்து மார்ச் ஆஃப் டைம்ஸ்னு பேரே வந்துச்சு. அந்தக் காசுலதான் சால்க்ங்கற விஞ்ஞானியோட போலியோ தடுப்பூசி ஆராய்ச்சி நடந்து, 1955 ஏப்ரல் 12ல ஊசி வேலை செய்யுதுன்னு அறிவிச்சாங்க. அப்புறம் அந்த அமைப்புக்கு என்ன வேலை? கலைச்சிட்டு போயிருக்கலாம். 1958ல பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பிட்டாங்க, இன்னிக்கும் தாய் சேய் நலத்துக்காக வேலை செய்யுறாங்க. விஷன்னு நெனச்சது நிறைவேறிட்டா கூடிப் பேசி புதுசா ஒண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டி வரும், அது தோல்வி கிடையாது, ரொம்ப அபூர்வமா கிடைக்கிற பாக்கியம்னு நான் நெனக்கிறேன்.

நான் இதையெல்லாம் இவ்வளவு யோசிக்கக் காரணம், நாங்க சில பேரு சேந்து நடத்துற சாயங்கால டியூஷன் சென்டர். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுறப்ப விஷனுக்கு ஒரு கட்டம் மிஷனுக்கு ஒரு கட்டம் இருந்துச்சு. முதல் கட்டத்துல "எங்க ஏரியாவுல பத்தாவதுக்கு முன்னாடி எந்தப் புள்ளையும் படிப்பை நிறுத்தாது"ன்னு எழுதினோம், ரெண்டாவதுல தினமும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் என்ன செய்யுறோம்னு எழுதினோம். எழுதி முடிச்சதும் கூட இருக்கிற அக்கா ஒருத்தங்க, "அப்ப நம்ம அட்டெண்டன்ஸ் நோட்டுல இல்லாத புள்ளைங்க யாரு யாருன்னு தெரியணுமே"ன்னாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை தெருத் தெருவா போயி அந்த லிஸ்ட்டை எடுக்கப் போறோம்.